பிழை வகையும் பிழைச் செய்தியும்

மனிதன் செய்த கருவிகளுள் பழுது நேராத கருவி ஒன்றும் இல்லை. கணிப்பொறிச் செயலியும் அதற்கு விலக்கன்று. எவ்வளவு திறமையுடன் எழுதப்பட்ட நிரலாயினும், ஒரு நாள் இணைப்பு அறும், சர்வர் ஓயும், பயன்படுத்துவோர் எண்ணை மாற்றி எழுதுவர், எழுதியவர் நினைத்தும் பாராத ஒரு நிலை வந்து நிற்கும். ஆகவே பிழையே நேராத செயலியை ஆக்குவது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. பிழை நேர்ந்த அந்த நொடியில், திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு என்ன சொல்வது என்பதையே ஆராய்கிறது.

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் தங்கிப் பயிலும் நமக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. ஊருக்குப் போகும் ரயில் சீட்டு முதல் தேர்வுக் கட்டணம் வரை அனைத்தையும் செயலி வழியாகவே முடித்துக்கொள்கிறோம். நம்முள் சிலர் அத்தகைய செயலிகளை எழுதும் தொழிலுக்குப் போக இருக்கிறவர்கள். ஆதலின் இரு பக்கத்திலும் நின்று இதைக் கற்பது நமக்குக் கடன்.

"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. பிறகு முயலுங்கள்." இந்தச் செய்தியைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். இதைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். நேர்ந்தது எது? சொல்லவில்லை. தவறு என்னுடையதா, அவர்களுடையதா? சொல்லவில்லை. பிறகு என்றால் ஐந்து நிமிடம் கழித்தா, நாளைக்கா? சொல்லவில்லை. கட்டிய பணம் போய்ச் சேர்ந்ததா, நம் கணக்கிலேயே இருக்கிறதா? அதையும் சொல்லவில்லை. சொற்கள் பணிவாக இருக்கின்றன. ஆனால் பயன் ஒன்றும் இல்லை. இனிய சொல்லால் மட்டும் செய்தி நல்ல செய்தி ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எண் மட்டும் காட்டிய கருவி

பிழைச் செய்தி சிறிய செய்திதானே, அதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் கேட்கலாம். அவர்கள் தெராக்-25 என்னும் கருவியின் வரலாற்றை அறிய வேண்டும். அது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யக் கனடாவில் உருவாக்கப்பட்ட கருவி, கணிப்பொறியால் இயங்குவது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அந்தக் கருவியால் அளவுக்கு மிகவும் மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் இறந்தனர்.

1986 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்த விபத்தின்போது, திரையில் தோன்றிய செய்தி "மால்ஃபங்ஷன் 54" என்பதே. இயக்குபவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கம் இல்லை. அத்தகைய எண்கள் அடிக்கடி வந்துபோவது வழக்கமாயிருந்தது. செலுத்தப்பட்ட அளவு மிகக் குறைவு என்று திரை காட்டிற்று. இயக்குபவர் வழக்கம்போல் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். நோயாளியின் மேல் மீண்டும் கதிர் பாய்ந்தது.

அந்தக் கருவியில் பிழைகளுக்கு வகைப்பாடு இல்லாமல் இல்லை. இரு வகை இருந்தன. ஒன்று, கருவியை முழுவதும் நிறுத்தித் தொடக்கத்திலிருந்து அமைத்தால் அன்றி இயங்காத வகை. மற்றொன்று, ஒரே விசையை அழுத்தினால் தொடரும் இலகுவான வகை. உயிரைப் பறித்த பிழை இலகுவான வகையில் போய்ச் சேர்ந்திருந்தது! நிரலில் இருந்த குறையும், பழைய கருவிகளில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை இதில் வைக்காமல் விட்டதும் விபத்துக்கு மூல காரணங்கள். எனினும், திரை தவறான வகையைக் காட்டியதால் திறமையுள்ள இயக்குபவர் ஒருவர் தீங்கை இரட்டிப்பாக்க நேர்ந்தது. ஆகவே, வகைப்படுத்தினால் மட்டும் போதாது. எதைக் கொண்டு வகைப்படுத்துகிறோம் என்பதே முதன்மையானது.

முன்னரே உள்ள வகைப்பாடுகள்

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும்போது பிழைகளை வகுத்துச் சொல்லும் முறை பழமையானது. மின்னஞ்சல் அனுப்பும் நெறியை 1982-இல் வகுத்தபோது, ஒவ்வொரு விடைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றைக் கொடுத்தனர். முதல் இலக்கம் 4 ஆனால் தடை தற்காலிகமானது, மீண்டும் அனுப்பலாம். 5 ஆனால் தடை நிலையானது; அதே கோரிக்கையை அப்படியே மீண்டும் அனுப்ப வேண்டா. ஓர் இலக்கத்தில் அடுத்த செயல் அடங்கிவிட்டது. எத்துணை எளிய முறை!

இணையத்தின் எச்.டி.டி.பி. நெறியும் மூன்று இலக்க எண்களையே பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே எண்களின் பொருள் வேறு. 400-ஐச் சேர்ந்தவை கேட்டவர் பக்கத்துப் பிழைகள். 500-ஐச் சேர்ந்தவை சர்வர் பக்கத்துப் பிழைகள். யாவரும் அறிந்த 404 முதல் குழுவைச் சேர்ந்தது. இது பிழை பிறந்த இடத்தைக் கொண்டு வகுத்த வகைப்பாடு. நிரல் எழுதுவோருக்கு இது பெரிதும் பயன்படும். திரைக்கு முன் இருப்பவருக்கோ இது போதாது. ஒரே 400 குழுவில் 400-ம் உண்டு, 429-ம் உண்டு. முன்னது கோரிக்கையின் அமைப்பே தவறு என்பது. எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை. பின்னது அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர், சற்றுப் பொறும் என்பது, காத்திருந்தால் தீரும். அவ்வாறே 500 குழுவில் 503 என்பது பெரும்பாலும் சிறிது நேரத்தில் தீரும். 501 என்பது அந்த வசதியே இல்லை என்பது, காத்திருந்து பயனில்லை.

தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் பிழை ஒவ்வொன்றுக்கும் ஐந்து எழுத்துக் குறி ஒன்றைத் தருகின்றன. அதன் முதல் இரண்டு எழுத்துகள் வகையைக் காட்டும். 23505 எனில், ஒரே ஒருமுறை வர வேண்டிய மதிப்பு இரண்டாம் முறை வந்துவிட்டது என்பது பொருள்; ஒரே பதிவெண்ணை இருவர் பதிய முயன்றால் இது வரும். 40001 எனில், ஒரே சமயத்தில் நடந்த இரு செயல்கள் மோதிக்கொண்டன என்பது பொருள். நிரல் தானாகவே மீண்டும் முயன்றால் போதும், பயனர் அறிய வேண்டியதே இல்லை. 08006 எனில் இணைப்பு அறுந்தது. மூன்றும் ஒரே தரவுத்தளத்திலிருந்து வருபவை. ஆனால் பயனருக்குச் சொல்ல வேண்டியவை மூன்றும் வெவ்வேறு. பிழை எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு செய்தியை எழுதக் கூடாது என்பது இதனால் வெளிப்படை.

இரண்டு கேள்விகள்

அப்படியாயின் எதைக் கொண்டு வகுப்பது? இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். முதற் கேள்வி: தீர்வு யார் கையில் உள்ளது? இரண்டாம் கேள்வி: அதே செயலை மீண்டும் செய்தால் தீங்கு உண்டா? இவ்விரண்டுக்கும் விடை கண்டால், ஆயிரக்கணக்கான பிழைகளும் ஐந்து வகைகளுள் அடங்கிவிடுகின்றன.

முதல் வகை, திருத்தக் கூடிய பிழை. தீர்வு பயனர் கையில் உள்ளது. அஞ்சல் குறியீட்டெண் ஆறு இலக்கம். ஐந்து மட்டும் எழுதியிருக்கிறார். எந்தக் கட்டம், என்ன குறை, எப்படி இருக்க வேண்டும் என்ற மூன்றையும் அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்ல வேண்டும். கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு வாளா இருத்தல் போதாது. நிறம் காணாதவரும் உளர், திரையைச் செவியால் கேட்பவரும் உளர். 2008-இல் வெளியான இணைய அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, பிழையுள்ள இடத்தைச் சுட்டி, பிழையை எழுத்தால் விளக்க வேண்டும் என்று அடிப்படை நிலையிலேயே விதித்துள்ளது. பயனர் அதுவரை எழுதிய மற்றவற்றை அழித்துவிடாமல் காப்பதும் இதனோடு சேர்ந்த கடமை.

இரண்டாம் வகை, காத்திருந்தால் தீரும் பிழை. தீர்வு காலத்தின் கையில் உள்ளது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல்லாயிரம் பேர் ஒரே நொடியில் சர்வரை நாடினால், அது திணறுகிறது. இங்கே நிரலே முதலில் சில முறை முயன்று பார்க்க வேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் மீண்டும் மோதாதபடி, அந்த இடைவெளியைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வைப்பர். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைச் சர்வரே தலைப்புக் குறிப்பாகச் சொல்லவும் எச்.டி.டி.பி. நெறியில் இடம் உண்டு. அவ்வாறு சொல்லியிருந்தால், "பிறகு முயலுங்கள்" என்னாமல், "2 நிமிடம் கழித்து முயலுங்கள்" எனலாம் அன்றோ?

மூன்றாம் வகை, விதியால் வரும் தடை. நிரலும் சரி, பயனரும் சரி. ஆனால் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. கணக்கில் பணம் போதவில்லை. விண்ணப்பக் கெடு முடிந்துவிட்டது. அந்த ஆவணத்தைக் காணும் உரிமை இவருக்கு இல்லை. இங்கே "மீண்டும் முயலுங்கள்" என்பது கொடுமை. எந்த விதி தடுத்தது, யாரிடம் முறையிட வேண்டும், வேறு வழி உண்டா என்பனவற்றைச் சொல்ல வேண்டும்.

நான்காம் வகை, நம் பிழை. நம் என்றது நிரலை எழுதியவரை. மதிப்பெண் சராசரியைக் கணக்கிடும் நிரல், பாடம் ஒன்றும் பதியாத மாணவருக்குச் சுழியால் வகுக்க முயன்று விழுகிறது. பயனர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆகவே செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும்: குறை எங்களுடையது, நீங்கள் எழுதியவை பத்திரமாக உள்ளன, இந்தக் குறிப்பு எண்ணைச் சொன்னால் நாங்கள் கண்டுபிடிப்போம். அந்தக் குறிப்பு எண்ணே பயனரின் திரையையும் நிரலரின் பதிவேட்டையும் இணைக்கும் கயிறு.

ஐந்தாம் வகை, முடிவு தெரியாத பிழை. ஐந்தனுள் ஆபத்து மிக்கது இதுவே. பலரும் வகுக்க மறப்பதும் இதுவே. ஆதலின் இதனைத் தனியே காண்போம்.

முடிவு தெரியாத பிழை

ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறோம். பதில் வரவில்லை. நம் கடிதம் வழியில் தொலைந்ததா, அவர் எழுதிய பதில் வழியில் தொலைந்ததா? நம் வீட்டு வாயிலில் நின்றுகொண்டு இதை அறிய இயலாது. கணிப்பொறிகளுக்கும் இதே நிலைதான். கோரிக்கையை அனுப்பினோம், குறித்த நேரத்துக்குள் விடை வரவில்லை. செயல் நடக்கவே இல்லை என்றும் கொள்ளலாம். செயல் நடந்து, விடை மட்டும் தொலைந்தது என்றும் கொள்ளலாம். ஜி.ஆர்.பி.சி. என்னும் நெறி, நேரம் கடந்த பிழைக்கு எண் 4 கொடுத்து, செயல் வெற்றியாக முடிந்திருந்தாலும் இந்தப் பிழை வரலாம் என்று தன் விளக்கத்திலேயே எச்சரிக்கிறது.

ஒரு மாணவர் கெடு நாளில் தேர்வுக் கட்டணத்தை யு.பி.ஐ. வழியே செலுத்துகிறார் எனக் கொள்வோம். 2016-இல் தொடங்கிய இம்முறையில், ஒரு சிறு தொகை நகர்வதற்கும் செலுத்துபவரின் செயலி, அவர் வங்கி, நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன், பெறுபவரின் வங்கி எனப் பல கைகள் சேர வேண்டும். அந்த நிறுவனமே தோல்விகளை இரு பெரும் பிரிவாகப் பிரித்து, வங்கிவாரியாக மாதந்தோறும் வெளியிடுகிறது. ரகசிய எண் தவறு, வரம்பு மீறிய தொகை போன்றவை வணிகக் காரணத் தோல்விகள். வங்கியின் பொறி இயங்காமை, இணைப்புக் கோளாறு போன்றவை தொழில்நுட்பக் காரணத் தோல்விகள். நாம் வகுத்த முதல் வகையும் மூன்றாம் வகையும் முன்னதில் அடங்கும். இரண்டாம் வகையும் நான்காம் வகையும் பின்னதில் அடங்கும்.

ஆனால் பணம் மாணவர் கணக்கிலிருந்து கழிந்து, கல்லூரிக் கணக்கில் சேர்ந்ததா என்ற விடை மட்டும் வரவில்லை எனில்? அப்போது திரை "தோல்வி" என்று சொன்னால், அவர் அஞ்சி மீண்டும் கட்டுவார். ஒரே கட்டணம் இருமுறை போகும். "வெற்றி" என்று சொன்னால், அவர் நிம்மதியாக உறங்கச் செல்வார். மறுநாள் அவர் பெயர் பட்டியலில் இராது. இரண்டும் பொய். "இன்னும் தெரியவில்லை" என்பதே மெய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு நிரலுக்கும் வேண்டும்.

தெரியவில்லை என்று சொல்லி நிறுத்திவிடவும் கூடாது. எப்போது தெரியும், அதுவரை என்ன செய்யக் கூடாது என்பனவற்றையும் சொல்ல வேண்டும். இதற்கு நாட்டில் விதியே உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விடுத்த சுற்றறிக்கை, யு.பி.ஐ. வழியே ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் சேராவிட்டால், மறுநாளைக்குள் தானாகவே திரும்ப வேண்டும் என்று வகுத்தது. வணிகருக்குச் செலுத்திய தொகையாயின் ஐந்து நாள் கெடு. கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். இத்தனை தெளிவாக விதி இருக்கும்போது, திரையில் "ஏதோ தவறு" என்று எழுதுவது பயனரின் உரிமையையே அவருக்கு மறைப்பதாகும்.

நல்ல செய்தி இவ்வாறு அமையலாம்: "உங்கள் பணம் ரூ. 850 கணக்கிலிருந்து கழிந்துள்ளது. கல்லூரிக்குச் சேர்ந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை. மீண்டும் கட்ட வேண்டா. 30 நிமிடத்தில் இதே பக்கத்தில் முடிவைக் காணலாம். சேரவில்லையெனில் பணம் 5 நாளுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பும்."

நிரலர் பக்கத்திலும் ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனி அடையாள எண் ஒன்றைச் செயலி முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதே எண்ணோடு கோரிக்கை இரண்டாம் முறை வந்தால், சர்வர் அதைப் புதிய கட்டணமாகக் கொள்ளாமல் பழைய முடிவையே திருப்பிச் சொல்லும். அப்போது பயனர் பதற்றத்தில் விசையைப் பத்து முறை அழுத்தினாலும் பணம் ஒரு முறையே போகும். நல்ல செய்திக்குப் பின்னால் நல்ல அமைப்பு இருக்க வேண்டும் என்பதை இது காட்டும்.

நிரலில் எங்கே வகுப்பது?

செயலி பல அடுக்குகளால் ஆனது. தரவுத்தளம் அடியில், விதிகள் நடுவில், திரை மேலே. அடியில் பிறந்த பிழை எந்த மாற்றமும் இன்றித் திரை வரை ஏறி வந்தால், பயனர் 23505 என்ற எண்ணைக் காண நேரும். ஒவ்வோர் அடுக்கும், கீழிருந்து வந்த பிழையைத் தன் மொழியில் மாற்றிச் சொல்ல வேண்டும். தரவுத்தள அடுக்கு, "இரட்டை மதிப்பு" என்று சொல்லும். விதி அடுக்கு, "இப்பதிவெண் முன்னரே பதிவாகியுள்ளது, இது முதல் வகை" என்று சொல்லும். திரை, அந்த வகைக்கு உரிய சொற்களை எடுத்து வைக்கும். மூலப் பிழையை எறிந்துவிடாமல் உடன் கட்டி அனுப்ப வேண்டும். பதிவேட்டில் முழு விவரமும், திரையில் தேவையானது மட்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, பிழைச் செய்தியின் சொற்களைத் தேடி வகை காணக் கூடாது. கீழடுக்கை எழுதியவர் நாளை ஒரு சொல்லை மாற்றினால், நம் வகைப்பாடு முழுவதும் சரிந்துவிடும். குறிகளைக் கொண்டே வகுக்க வேண்டும். சர்வரிலிருந்து செயலிக்குப் பிழை விவரத்தை அனுப்ப, வகை, தலைப்பு, நிலை எண், விளக்கம், நிகழ்வு அடையாளம் என ஐந்து கூறுகள் கொண்ட பொது வடிவம் ஒன்று உண்டு. 2016-இல் வகுத்து, 2023-இல் புதுப்பித்தனர். அதைப் பின்பற்றலாம்.

இரண்டாவது, எந்த வகையிலும் அடங்காமல் வரும் பிழையை நான்காம் வகையில், அதாவது நம் பிழையில், சேர்க்க வேண்டும். அறியாத பிழையைப் பயனர் தலையில் கட்டுவது அறமன்று. அந்தப் பிழை, பணம் கட்டுதல் போன்ற மீளாச் செயலின் நடுவே வந்ததாயின், ஐந்தாம் வகையில் சேர்ப்பதே காப்பு. தெராக் கருவியின் பிழை இலகுவான வகைக்குச் சென்றதை இங்கே நினைவுகூர வேண்டும். ஐயம் உள்ள இடத்தில் கடுமையான வகையே தகும்.

மூன்றாவது, நான்காம் வகை சில வேளைகளில் முதல் வகையின் வேடத்தில் வரும். நம்முள் பலருக்கு இது அனுபவமாகவே தெரியும். தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் ஒரு பெயரும் உடைய தமிழ் மாணவர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருத்தல் கூடாது என்கிறது திரை. முதலெழுத்தை இட்டால், ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்கிறது. "சரியான பெயரை எழுதுங்கள்" என்று சிவப்பில் அறிவுரையும் கூறுகிறது. பிறந்தது முதல் அவருக்கு உள்ள பெயர் அது! இங்கே பிழை செய்தவர் யார்? உலகத்தார் யாவருக்கும் இரண்டு பெயர் உண்டு என்று எண்ணிய நிரலர் அல்லரோ? ஒரே கட்டத்தில் பலர் தொடர்ந்து தடுக்கி விழுந்தால், அதனை முதல் வகை என்று எண்ணிப் பயனரைத் திருத்தப் புகாமல், படிவத்தைத் திருத்த வேண்டும். ஆகவேதான் எந்த வகைப் பிழை எத்தனை முறை நேர்கிறது என்று எண்ணி வருதல் இன்றியமையாதது.

செய்தியை எழுதும் முறை

பயனர் எளிமைக்கான பத்து நெறிகளை 1994-இல் தொகுத்த ஜேக்கப் நீல்சன், அவற்றுள் ஒன்பதாவதாகப் பிழைச் செய்தியை வைத்தார். குறியெண்கள் இல்லாத எளிய மொழி, குறையைத் துல்லியமாகச் சுட்டுதல், தீர்வுக்கு வழி காட்டுதல் என்பன அதன் சாரம். இவற்றோடு, நிலை கூறுதல் என்ற ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே செய்தி மூன்று வாக்கியங்களால் ஆகும்: நேர்ந்தது என்ன, உங்கள் பொருளோ பணமோ எழுத்தோ இப்போது எந்நிலையில் உள்ளது, இனி நீங்கள் செய்ய வேண்டியது என்ன. இடம் போதாவிட்டால் முதல் வாக்கியத்தைச் சுருக்கலாம். மூன்றாம் வாக்கியத்தை மட்டும் விடவே கூடாது.

நகைச்சுவை வேண்டா. பணம் தொலைந்ததோ என்று அஞ்சுபவரிடம் வேடிக்கைப் படம் காட்டுதல் நாகரிகம் அன்று. மிகையான வருத்தமும் வேண்டா. நம் குறைக்கு ஒருமுறை வருந்தினால் போதும்.

சொல்லத் தகாதனவும் சில உள. உள் நுழையும் பக்கத்தில், பயனர் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், எந்தப் பெயர் உண்மையில் உள்ளது என்பதைத் திருடனுக்கும் சொன்னதாகிவிடும். அங்கே இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரவுத்தளக் கட்டளை, கோப்பு இருக்கும் பாதை, நிரல் வரிகளின் தடம் ஆகியவற்றைத் திரையில் காட்டுவதும் அவ்வாறே ஆபத்து. பயனருக்கு அவற்றால் பயனில்லை. தாக்க வருபவனுக்கோ அவை வரைபடம். துல்லியம் நன்று, ஆனால் யாருக்குத் துல்லியம் என்பதையும் எண்ண வேண்டும்.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ்ச் செய்தி ஆகாது. "செல்லாத உள்ளீடு" என்று எழுதினால், படிப்பவர் எது செல்லாது, ஏன் செல்லாது என்று திகைப்பார். "கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் இருக்க வேண்டும், நீங்கள் எழுதியதில் 9 உள்ளன" என்று எழுதினால் எவரும் திகையார்.

வேற்றுமை உருபும் ஒரு சிக்கல். செய்தியின் நடுவே ஊர்ப்பெயருக்கு இடம் விட்டு, அதன்பின் "க்கு" என்று எழுதி வைப்பார் ஒருவர். சென்னை வந்தால் "சென்னைக்கு" எனப் பொருந்தும். சேலம் வந்தால் "சேலம்க்கு" எனப் பல்லைக் காட்டும். ஈரோடு வந்தால் "ஈரோடுக்கு" ஆகும். சேலத்துக்கு, ஈரோட்டுக்கு என்று சொல்லின் உருவே மாறுவது தமிழின் இயல்பு. ஆகவே மாறும் பெயரை வாக்கியத்தின் நடுவே ஒட்டாமல், "போகும் ஊர்: சேலம்" என்று தனியே நிறுத்துவது நல்ல வழி. 1 நாள், 3 நாள்கள் என ஒருமை பன்மை வடிவங்களையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சி

கீழ்வருவனவற்றை ஐந்து வகைகளுள் சேர்த்துப் பார்க்க.

(அ) நூலகச் செயலியில் நூலைப் புதுப்பிக்க முயல்கிறீர்; வேறொருவர் அதற்கு முன்பதிவு செய்துள்ளார்.

(ஆ) விண்ணப்பத்தை அனுப்பும் விசையை அழுத்தியவுடன் விடுதியின் இணைப்பு அறுந்துவிட்டது.

(இ) 29-2-2000 என்ற பிறந்த நாளை, "அப்படி ஒரு நாள் இல்லை" என்று படிவம் மறுக்கிறது.

(ஈ) நுழைவுச் சீட்டு வெளியான முதல் மணி நேரத்தில், 503 என்ற விடை வருகிறது.

(உ) புகைப்படம் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் ஏற்றியது 2 மெகாபைட்.

விடை: (அ) மூன்றாம் வகை, முன்பதிவுதான் தடை என்று சொல்லி, திருப்பித் தர வேண்டிய நாளையும் சொல்ல வேண்டும். (ஆ) ஐந்தாம் வகை. போய்ச் சேர்ந்ததா என்று நிரலே முதலில் கேட்டறிய வேண்டும். (இ) முதல் வகையின் வேடமிட்ட நான்காம் வகை. 2000 லீப் ஆண்டு, ஆதலின் பிழை நிரலருடையது. (ஈ) இரண்டாம் வகை. (உ) முதல் வகை. எனினும் செயலியே படத்தைச் சுருக்கிக்கொள்ளுமாயின் பிழைக்கே இடமில்லை. பிழைச் செய்தியை எழுத அமர்ந்தவர், அந்தச் செய்தியே தேவைப்படாதபடி செய்ய வழி உண்டா என்று முதலில் எண்ணுவது நலம்.

எழுதி முடித்த செய்தியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிரலைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு நண்பரிடம் அந்தத் திரையைக் காட்டி, "இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்காமல் சரியானதைச் சொன்னால் செய்தி நல்லது. தயங்கினால் சொல்லைத் திருத்துங்கள். தயங்காமல் தவறானதைச் சொன்னால், வகைப்பாட்டையே திருத்துங்கள்.